நூறு ரூபாயைக் குறைக்கச் சொன்ன என் மனைவி

போன சனிக்கிழமை நாகல் நகரில் சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். முகம் முழுக்கச் சோப்பு நுரை. கத்தி தொண்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் சலூன்காரர் கேட்டார்.

"சார், ஒங்களச் சட்டசபையில இருந்து வெளிய அனுப்பிட்டாகளாமே... நெசந்தானா?"

தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டால் யார்தான் பொய் சொல்வார்கள்? நெசந்தான் என்றேன். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

உங்களில் சிலரும் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர், 'வாராவாரம் எங்களுக்குப் புத்தி சொல்கிற நீங்கள் அங்கே போய் என்ன கலாட்டா செய்தீர்கள்?' என்று கார்டு போட்டிருக்கிறார். கலாட்டா எதுவும் செய்யவில்லை, ஐயா. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு விளக்கம். எம்.எல்.ஏ. நான் இல்லை. என் மனைவி அருள்மேரி. பதினாறு வருஷம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். அதில் ஆறு வருஷம் தொப்பம்பட்டிப் பக்கம். அந்தப் பக்கத்து ஜனங்கள்தான் இந்தத் தேர்தலில், 'டீச்சர் நின்னாத்தான் ஆச்சு' என்று வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை. ஜெயிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை. ஜனங்கள் நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் அந்தஸ்தே மாறிப்போயிற்று. நான் இருபது வருஷமாக ஹைஸ்கூலில் சரித்திரமும் குடிமையியலும் சொல்லிக்கொடுப்பவன். பத்திரிகையில் பத்தி எழுதுபவன். திண்டுக்கல்லில் என்னை நாலு பேருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு இருந்தது. இப்போது ஸ்டேஷனில் இறங்கினால் குதிரை வண்டிக்காரர் கேட்பது, "எம்.எல்.ஏ. அம்மா வீட்டுக்காரர்தான? ஏறுங்க." இதில் எனக்கு வருத்தமா என்று கேட்டால்... முதல் ஒரு வாரம் கொஞ்சம் இருந்தது. பிறகு பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால் இப்போது அப்படி யாராவது கூப்பிடாவிட்டால்தான் ஏமாற்றமாக இருக்கிறது.

சட்டசபைக்குப் போன முதல் மாதத்திலேயே மேரி பெயர் வாங்கிவிட்டாள். கவர்னர் உரையின் மீது விவாதம். அவளுக்கு ஆறு நிமிஷம். புதிய உறுப்பினர் முதல் முறை பேசும்போது யாரும் குறுக்கிடுவதில்லை என்பது சபையின் பழக்கமாம். ஆனால் எதிர்வரிசையில் ஒரு பழைய உறுப்பினர், பெரிய மனிதர், பழக்கம் மறந்து பாதியில் எழுந்துவிட்டார். மேரி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லையாம். "உட்காருங்க. நான் முடிச்சப்புறம் கேளுங்க" என்றிருக்கிறாள்.

அவரும் உட்கார்ந்துவிட்டார்.

சபை முழுக்கச் சிரிப்பு. உறுப்பினர்களை உட்காரச் சொல்வது தன்னுடைய வேலை என்று சபாநாயகர் நினைவுபடுத்தினாராம். "மன்னிக்கணும், பதினாறு வருஷப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு மேரி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறாள். அந்தப் பெரியவர் பிறகு தாழ்வாரத்தில் பார்த்து, "எனக்கு மூணாம் கிளாஸ் ஞாபகம் வந்துடுச்சும்மா, கால் தானா மடங்கிருச்சு" என்றாராம். இதை எல்லாம் அவள் கடிதத்தில் எழுதவில்லை. பேப்பரில் பார்த்து நான்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, ஸ்டாஃப் ரூமில் யாரும் கேட்காமலே நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன்.

ஆனால் அவள் அங்கே போனது பெரிய மனிதர்களை உட்கார வைப்பதற்கு அல்ல. ஒரு மருத்துவச்சியை உட்கார வைப்பதற்கு.

தொப்பம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். பஞ்சாயத்து ஆபீஸின் ஓர் அறைதான் அங்கே பிரசவ ஆஸ்பத்திரி. அரசாங்கம் மருத்துவச்சி நியமிக்கிறது. அவர் வருகிறார். தங்குவதற்கு வீடு இல்லை. ஆபீஸ் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள்கூடக் கிடையாது. தனியாக வந்த பெண் அங்கே எப்படிப் படுப்பாள்? பகலில் வந்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் டவுனுக்குப் போய்விடுவார். பிறகு பகலில் வருவதும் குறையும். அப்புறம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இப்படி மூன்று பேர்.

குழந்தைகள் பஸ் நேரம் பார்த்தா பிறக்கின்றன? அந்த ஊரில் ராமாத்தாள் என்று ஓர் அம்மாள், வெங்காயம் போடுகிற குடும்பம். அவருடைய மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்த இடத்தில், வலி எடுத்து, மாட்டு வண்டியில் ஏற்றி, பாதி வழியிலேயே போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. மேரி ஓட்டுக் கேட்டுப் போனபோது ராமாத்தாள் வாசலில் வந்து நின்று சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு ரோடு வேண்டாம், லைட்டு வேண்டாமுங்க. ஒரு நர்சம்மா ராத்தங்கற மாதிரி பண்ணிப்போடுங்க. இன்னொரு பொண்ணு இருக்குதுங்க எனக்கு."

அந்த இன்னொரு பெண் செல்லம். தேர்தல் முடிந்த சில மாதங்களில் அவளும் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மேரி கேள்வி நேரத்தில் கேட்டாள். இன்ன ஊரில் மருத்துவச்சி இல்லை என்பது அரசாங்கத்துக்குத் தெரியுமா? பதில் வந்தது: அந்த ஊருக்கு மருத்துவச்சி நியமிக்கப்பட்டிருக்கிறார். உபகேள்வி: நியமிக்கப்பட்டவர் அந்த ஊரில் இருக்கிறாரா? பதில்: அதற்குத் தனியாக நோட்டீஸ் வேண்டும். அத்தோடு சபாநாயகர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த வாரம் வந்த கடிதத்தில், 'நோட்டீஸ் வேண்டும்' என்ற வார்த்தைகளுக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு. பரீட்சைத் தாளில் தப்பான விடைக்குப் போடுவாளே, அந்தக் கோடு.

அடுத்ததாக அவள் செய்த காரியத்தில்தான் வம்பு வந்தது.

ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலை நேரம். பக்கத்து வீட்டுச் சவரிமுத்து, பூட்டுத் தொழில் செய்பவர், கையில் பேப்பரோடு வந்தார். மூன்றாம் பக்கத்தில் நாலு வரிச் செய்தி. வைத்திய இலாகா மானியக் கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று உறுப்பினர் திருமதி அருள்மேரி வெட்டுப் பிரேரணைக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்.

"என்ன சார் இது? ஆசுபத்திரிக்குக் காசு கொண்டாரேன்னு போனாக. இருக்கறதுல நூறு ரூவாயக் கொறைக்கச் சொல்றாக. ஓட்டுப் போட்ட சனம் என்ன நெனைக்கும்?"

நான் என்ன பதில் சொன்னேன் என்கிறீர்கள்? "அச்சுப் பிழையாக இருக்கும்" என்றேன். பத்திரிகையில் எழுதுபவனுக்கு இது ஒரு வசதி. புரியாத எதையும் அச்சுப் பிழை என்று சொல்லிவிடலாம்.

மறுநாள் இன்னொரு பேப்பரிலும் அதே செய்தி. இரண்டு பேப்பரிலுமா பிழை வரும்? ஸ்டாஃப் ரூமில் தமிழாசிரியர் என்னைப் பார்த்து, "என்ன சார், வீட்டிலயும் அம்மா இப்படித்தான் வெட்டுவாகளா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவிலை விட்டு வெளியே வந்தால் அங்கேயும் அதே கேள்வி. இருபது வருஷமாகப் பையன்களுக்குச் சட்டசபையைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். மசோதாவுக்கு எத்தனை வாசிப்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இது என்ன கூத்து என்று எனக்குத் தெரியவில்லை. பாடப் புத்தகத்தில் இல்லையே.

'என்ன காரியம் செய்தாய்? உன்னை நம்பி நின்றவர்களுக்கு நான் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்?' என்று ஒரு கடிதம் எழுதி வைத்தேன். அதைப் பெட்டியில் போடுவதற்குள் வாசலில் மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் ராமாத்தாள்.

தொப்பம்பட்டிப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்கள். ராமாத்தாள் ஒரு மஞ்சள் பையை என் மேஜைமேல் வைத்தார். வைத்தபோது கனமாகச் சத்தம் கேட்டது.

"என்னம்மா இது?"

"நூறு ரூபாயிங்க. ஊருல வசூல் பண்ணுனமுங்க. வெங்காயம் வித்தது, பூ வித்தது, கோழி முட்டை வித்தது, அல்லாம் இருக்குதுங்க."

"எதுக்கு?"

"பேப்பர்ல படிச்சுச் சொன்னாங்க. கவருமெண்டுக்கு நூறு ரூபா பத்தலையாமா, அதுனால நம்ம ஆசுபத்திரிக் காசுல கொறைக்கச் சொல்லி அம்மா கேட்டிருக்காங்களாமா. டீச்சரம்மா காரணமில்லாம கேக்க மாட்டாங்க. மேல இருக்கறவங்க ஏதோ கட்டாயம் பண்ணியிருப்பாங்க. அந்த நூறை நாங்க குடுத்துப்போடறமுங்க. ஆசுபத்திரியில மட்டும் கை வெக்க வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க."

கவனித்தீர்களா? என் ஊரில் எல்லாரும் மேரியைச் சந்தேகப்பட்டோம். படித்தவர்கள், பத்திரிகை வாசிப்பவர்கள், பத்திரிகையில் எழுதுகிறவன்... எல்லாரும். அந்தம்மா ஒருத்திதான் சந்தேகப்படவில்லை. கையில் இருந்த கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

"செல்லத்துக்கு எப்பம்மா?" என்று கேட்டேன்.

"எட்டாம் மாசம் நடக்குதுங்க" என்றார்.

அன்றே பள்ளிக்கூடத்தில் லீவ் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். மஞ்சள் பையை எழும்பூர் வரும்வரை மடியைவிட்டு இறக்கவில்லை. எதிர்சீட்டுக்காரர், "கோவில் உண்டியல் காசா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட என்றேன்.

எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் மேரி விதிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீங்க?" என்றாள். நான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை மொத்தமாகக் கொட்டினேன். குறைக்கச் சொல்லவா உன்னை அனுப்பினார்கள், ஊர் சிரிக்கிறது, கோவில் வாசலில் தலைநிமிர முடியவில்லை... எல்லாம். அவள் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது கேட்டாள்.

"ஏங்க, நீங்கதான சிவிக்ஸ் வாத்தியார்?"

பிறகு எனக்குப் பாடம் நடந்தது. அரசாங்கம் ஓர் இலாகாவுக்குப் பணம் கேட்டால், அதைக் கூட்டச் சொல்ல உறுப்பினருக்கு உரிமை கிடையாதாம். குறைக்கச் சொல்ல மட்டும்தான் உரிமை. அதனால் அந்த இலாகாவில் ஒரு குறையை எடுத்துச் சொல்ல வேண்டுமானால், 'நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும்' என்று ஒரு பிரேரணை கொடுக்க வேண்டும். பின்னாலேயே, இன்ன குறையைப் பற்றிப் பேசுவதற்காக என்று எழுத வேண்டும். யாரும் நிஜமாக நூறு ரூபாயைக் குறைப்பதில்லை. அது சபைக்கு உள்ளே நுழைவதற்கு ஒரு வாசல்.

"பின்னாடி எழுதினதப் பேப்பர்க்காரவுக போடல. எடம் பத்தியிருக்காது" என்றாள்.

"ஆக, கூட்டி வாங்கணும்னா குறைக்கச் சொல்லணும்?"

"ஆமா."

"இதை யார் கண்டுபிடிச்சது?"

"வெள்ளக்காரன். நம்மளும் வச்சுக்கிட்டோம்" என்று சிரித்தாள்.

அப்போதுதான் மஞ்சள் பையை மேஜைமேல் வைத்து, ராமாத்தாள் சொன்னதைச் சொன்னேன். மேரி பையை அவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றிரண்டு நோட்டு, மீதி எல்லாம் சில்லறை. சில காசுகளில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. காசுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். காபி ஆறிப்போனது. பிறகு, தயார் செய்து வைத்திருந்த பேச்சை எடுத்து, முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டாள்.

மறுநாள் வைத்திய மானியக் கோரிக்கை. எனக்குக் கேலரியில் ஒரு பாஸ் வாங்கிக் கொடுத்தாள். சட்டசபையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெஞ்சுகள், மேலே மின்விசிறிகள், ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு மாதிரிதான் இருந்தது. வெள்ளைப் புடவையில் மேரி பின்வரிசையில். காலடியில் அந்த மஞ்சள் பை.

அவள் பெயர் கூப்பிட்டார்கள். எழுந்தாள்.

"கனம் சபாநாயகர் அவர்களே, நான் கொடுத்திருக்கும் வெட்டுப் பிரேரணைக்கு என்ன அர்த்தம் என்று இந்தச் சபையில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. என் கணவருக்கே தெரியாது. அவர் குடிமையியல் ஆசிரியர்."

சபை சிரித்தது. முதலமைச்சர் வரிசையிலும் சிரித்தார்கள். கேலரியில் என் பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன், யாரோ ஒரு கணவரைப் பற்றிச் சொன்னதுபோல.

"நூறு ரூபாய் குறைந்தால் தங்கள் ஆஸ்பத்திரி நின்றுவிடும் என்று அந்தக் கிராமத்துப் பெண்கள் பயந்துவிட்டார்கள். வெங்காயம் விற்ற காசு, பூ விற்ற காசு, எல்லாம் சேர்த்து அரசாங்கத்துக்கு நூறு ரூபாய் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்..." என்று குனிந்தாள்.

சபாநாயகர் குறுக்கிட்டார். "அம்மையார் சபையில் பொருள் எதையும் எடுத்துக் காட்டக் கூடாது."

"காட்டவில்லை. அது என் காலடியில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்" என்று நிமிர்ந்தாள்.

சிரிப்பு அடங்கிவிட்டது. அதன் பிறகு அவள் குரலை உயர்த்தவே இல்லை. மூன்று மருத்துவச்சிகள் வந்ததையும் போனதையும் சொன்னாள். மூன்று பேர்மீதும் குற்றமில்லை என்றாள். ராமாத்தாளின் மூத்த மகளைப் பற்றிச் சொன்னாள். வண்டி பாதி வழிக்கு மேல் போகவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். இளைய மகளுக்கு எட்டாம் மாதம் என்றாள்.

"கேள்வி நேரத்தில் கேட்டேன். மருத்துவச்சி நியமிக்கப்பட்டிருக்கிறார் என்று பதில் கிடைத்தது. அது உண்மைதான். அவர் காகிதத்தில் குடியிருக்கிறார். அவரை ஊரில் குடிவைக்க வேண்டும். இந்த ஜனங்கள் அரசாங்கத்திடம் பணம் கேட்கவில்லை, கொடுக்க வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது ஒரு வீடு. படுக்க ஓர் அறை, சமைக்க ஓர் இடம், உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு. பூட்டு அரசாங்கம் தர வேண்டியதில்லை. நான் திண்டுக்கல்காரி. பூட்டு நாங்கள் கொடுத்துவிடுவோம்."

மணி அடித்தது. உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு பக்கமும் மேஜையைத் தட்டினார்கள். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லாரும். அந்தப் பழைய உறுப்பினர், மூணாம் கிளாஸ்காரர், ஓங்கி ஓங்கித் தட்டினார். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது. கீழே எல்லாரும் தட்டுகிறார்களே, நாமும் தட்டினால் என்ன என்று எழுந்து நின்று இரண்டு கையாலும் பலமாகத் தட்டினேன்.

தோளில் ஒரு கை விழுந்தது. காவலர்.

"சார், கேலரியில கை தட்டப்படாது. எழுந்து வாங்க."

"அவங்க என் சம்சாரம்ப்பா."

"யாரா இருந்தாலும் வெளியதான் சார்."

அவர்மேல் தப்பே இல்லை. விதி அப்படி. மந்திரி பதில் சொல்ல எழுந்த அதே நிமிஷம் நான் வெளியே தாழ்வாரத்தில் நின்றேன். கடல் காற்று வீசியது. உள்ளே மைக்கில் ஏதோ பேசுவது கேட்கிறது, வார்த்தை புரியவில்லை. எட்டாம் மாதம், எட்டாம் மாதம் என்று அதுவே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நடந்துகொண்டே இருந்தேன். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நடப்பார்களே கணவர்கள், அந்த நடைதான்.

மேரி வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

"என்ன சொன்னார் மந்திரி?"

"செத்த நேரம் பொறுங்க, தண்ணி குடிச்சுக்கறேன்."

"பிரேரணை என்ன ஆச்சு?"

"வாபஸ் வாங்கிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இம்புட்டுத் தூரம் வந்து வாபஸா?"

"மந்திரி வாக்குக் குடுத்தா வாபஸ் வாங்கறதுதான் பழக்கங்க" என்றாள் பொறுமையாக. இந்த வருஷமே வீடு கட்ட உத்தரவு. அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே வாடகைக்கு ஒரு வீடு பிடித்து மருத்துவச்சியைக் குடிவைக்க இன்றைக்கே மதுரை ஜில்லா ஆபீசுக்குத் தந்தி போகிறது. நூறு ரூபாயை அந்தப் பெண்களிடமே நன்றியோடு திருப்பிக் கொடுக்கச் சொன்னாராம். "பூட்டை மட்டும் வாங்கிக்கிறோம்னார்" என்றாள். சொல்லும்போது முகம் சிவந்திருந்தது. அவளைக் கல்யாணம் செய்து பதினெட்டு வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அப்புறம் கேட்டாள். "மந்திரி பேசறப்ப அண்ணாந்து பாத்தேன். கேலரியில ஒங்களக் காணமே. எங்க போயிருந்தீங்க?"

என்ன சொல்வது? சொன்னேன். தாழ்வாரம் என்றுகூடப் பார்க்காமல் சிரித்தாள் என் எம்.எல்.ஏ.

ஊருக்குத் திரும்பியதும் நேரே அந்தக் கிராமத்துக்குப் போனேன். ராமாத்தாள் வீட்டு முன்னால் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து என் வாழ்க்கையிலேயே கஷ்டமான குடிமையியல் பாடத்தை நடத்தினேன். குறைக்கச் சொன்னார்கள், ஆனால் குறைப்பதற்காக அல்ல. மந்திரி வீடு தருகிறேன் என்றார். உடனே டீச்சரம்மா குறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ராமாத்தாள் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப மொதல்லயே வீடு வேணும்னு கேட்டா ஆகாதுங்களா?" என்றார். ஆகாது என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்கு மட்டும் தெரியுமா? வெள்ளைக்காரன்மேல் பழியைப் போட்டுவிட்டு மோர் வாங்கிக் குடித்தேன்.

தந்தி நிஜமாகவே போயிருந்தது. பத்து நாளில் மருத்துவச்சி வந்து சேர்ந்தார். நடு வயது, பெயர் சரோஜா. ராமாத்தாளே தன் வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளை, வெங்காயத்தை எல்லாம் வாரிவிட்டு, வெள்ளையடித்துக் கொடுத்தார். வாடகை அரசாங்கத்தினுடையது. "இதை முன்னாடியே கொடுத்திருக்கலாமேம்மா?" என்று கேட்டேன். "வந்து ஆருங்க கேட்டாங்க?" என்றார். இலாகாவும் கேட்கவில்லை, ஊரும் சொல்லவில்லை, நடுவில் இரண்டு உயிர்கள் போய்விட்டன. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பூட்டு, சவரிமுத்து கையால் செய்து கொடுத்தது. தாழ்ப்பாளையும் அவரே வந்து பொருத்திவிட்டுப் போனார். மேரியைச் சந்தேகப்பட்டதற்கு அபராதம் என்று சொன்னார். திருப்பிக் கொடுத்த நூறு ரூபாயை யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று பிரிக்க முடியாமல், ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கும் கட்டிலும் வாங்கிப் பிரசவ அறையில் போட்டார்கள்.

ஆவணி கடைசியில் செல்லத்துக்கு வலி எடுத்தது. எந்த வண்டியும் கட்டவில்லை. சரோஜா அம்மாள் பத்தடி நடந்து வந்தார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். செய்தி எங்களுக்குக் கார்டில் வந்தது. குழந்தைக்கு எம்.எல்.ஏ. அம்மாள் பெயரை வைப்பார்கள் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். சரோஜா என்று வைத்துவிட்டார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மேரிக்கு அதில்தான் பரம திருப்தி. "ஊர்ல இருந்தவுக பேரத்தான வைக்கணும்?" என்றாள்.

பெருமை பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமைதான். சட்டசபையில் மணிக்கணக்காகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். என் மனைவி மொத்தமாகப் பேசியது சில நிமிஷம்தான் இருக்கும். அதில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. நான் இருபது வருஷம் நடத்திய பாடத்தில் அப்படி எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. இதற்காக இன்னொரு முறை வெளியே அனுப்பினாலும் பரவாயில்லை, மறுபடியும் கை தட்டத்தான் செய்வேன்.

சலூனில் சவரம் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கிராமத்தில் மருத்துவச்சிக்குச் சொந்த வீடு கட்ட அஸ்திவார வானம் தோண்டினார்கள். நானும் மேரியோடு போயிருந்தேன். ஓவர்சியர் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். மேரியைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பேத்தியைக் கையில் ஏந்தியிருந்த ராமாத்தாள் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

"ஏனுங்க வாத்தியாரே, அடுத்த கூட்டம் எப்பங்க? நம்மூருக்கு ரோடும் சரியில்லைங்க. அதுலயும் ஒரு நூறு ரூபா கொறைக்கச் சொல்லி அம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க."